மருந்தில்லா உருண்டை

வெம்பக்கோட்டைப் பள்ளி மைதானத்து வாசலில் 'மருந்தில்லா உணவுத் திருவிழா' என்று பேனர் கட்டியிருந்தார்கள். பூச்சிமருந்து அடிக்காத தானியம் என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் தாயில்பட்டிப் பெண்களுக்கு மருந்து என்றால் வெடிமருந்துதான். படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

"நம்ம ஊர்ல மருந்தில்லாத வீடு எது மதினி?" என்றாள் முத்துப்பேச்சி.

"வாயை மூடுடி" என்றாள் பொன்னுத்தங்கம். வீட்டுப் பின்கட்டில் இந்த நாத்தனார்தான் லைசென்ஸ் இல்லாமல் பூச்சட்டிப் பட்டாசுக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். தீபாவளி சீசன் முடியட்டும் என்று பொன்னுத்தங்கமும் பொறுத்திருந்தாள்.

இருவரும் போட்டிருந்த கடையில் முதல் தட்டு தினை உருண்டை அரைமணி நேரத்தில் காலி. மைக் பிடிக்க வந்த காரியாபட்டி செந்தூர்பாண்டி ஒருவரே மூன்று தின்றார். எதிரே ஒரு சிறுமி விரலை நக்கினாள். வெயிலில் விரல்நுனி வெள்ளியாக மின்னியது.

பொன்னுத்தங்கம் ஓர் உருண்டையை உடைத்தாள். உள்ளேயும் மினுமினுப்பு.

"பேச்சி, மாவை எதுல சலிச்ச?"

"நம்ம சல்லடை கிழிஞ்சு கிடந்துச்சு. பின்கட்டுல மருந்து சலிக்கிறத எடுத்தேன். ரெண்டு தடவ கழுவினேனே மதினி."

போன வருஷம் கம்பெனியில் மருந்து கலந்த கையோடு சோறு தின்ற காளிராஜ், நாலு நாள் கைகால் அசையாமல் கிடந்தான். முதலில் மரத்துப்போனது அவன் நாக்கு.

சொன்னால் சல்லடை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பேச்சி ஜெயிலுக்குப் போவாள். மேடை ஓரத்தில் எஸ்.ஐ. உட்கார்ந்து கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

"தின்னாதீக! உருண்டையில மருந்து இருக்கு!" என்று கத்தினாள் பொன்னுத்தங்கம்.

தாயில்பட்டிப் பெண்கள் கையிலிருந்ததை அப்படியே போட்டார்கள். ஒருத்தி பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள்.

"கேட்டீகளா?" மைக்கில் செந்தூர்பாண்டி குரல் முழங்கியது. "அக்கா வெளம்பரத்தப் பாருங்க! உருண்டையில மருந்து இருக்காம்! சர்க்கரைக்கு, மூட்டுவலிக்கு, அம்புட்டுக்கும் மருந்து! வாங்க, வாங்க!"

வரிசை நீண்டது.

முத்துப்பேச்சி அவள் கையைப் பிடித்தாள். "சொல்லியாச்சுல்ல மதினி. தட்டக் கவுத்திட்டுக் கெளம்பிருவோம்."

தட்டைக் கவிழ்க்கலாம். வயிற்றுக்குள் போனதை? என்ன மருந்து என்று தெரியாமல் டாக்டர் எதற்கு வைத்தியம் பார்ப்பார்?

மிச்சத்தை மண்ணில் கொட்டி மிதித்தாள். கையை உதறிக்கொண்டு மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள்.

"வெடிமருந்து. எங்க வீட்டுச் சல்லடையில இருந்து வந்தது. தின்னவுகள எல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

எஸ்.ஐ. சொம்பைக் கீழே வைத்தார்.

செந்தூர்பாண்டியின் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை. உதட்டைத் தொட்டார். மறுபடி தொட்டார்.

"ஏன்க்கா," என்றார். அவள் கையிலிருந்த மைக் அதை மைதானம் முழுக்கக் கொண்டுபோனது. "எனக்கு நாக்கு மரத்துட்டு வருதே?"