பதினேழு நாய்களின் ஐஸ்

மாடுகள் தண்ணீர் குடிக்கும் குளத்தின் கரையில், பட்டப்பகலில் அவள் வட்டமடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது அடி தள்ளி, குதிரைமேல் அனீசியோ. மனித வாடை பட்டதுமே புதருக்குள் மறைவதுதான் ஜாகுவாரின் வழக்கம். இவள் மறையவில்லை, அவரை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தாள். வாயில் நுரை, கன்னத்துச் சதை தன்பாட்டுக்குத் துடித்தது.

அந்தச் சதுப்புநிலப் பண்ணையின் மேய்ச்சற்காரர்களுக்கு அனீசியோதான் தலைவர். எட்டு வருடமாக அவளைத் தெரியும். 'கொமாத்ரே' என்று கூப்பிடுவார், தன் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்ற பெண்ணை அழைப்பதுபோல. வருடத்துக்கு நாலைந்து கன்றுகளை அடித்துத் தின்கிறவளோடு இப்படியொரு உறவா என்று கூட வேலை பார்க்கும் ஜெசுவீனோ வாரிக்கொண்டே இருப்பான்.

"அண்ணே, உங்க வீட்டு அம்மா நேத்தும் விருந்துக்கு வந்துட்டுப் போயிருக்காங்க. சொல்லிக்காமப் போயிட்டாங்களேன்னு மாடெல்லாம் ஒரே வருத்தம்."

அனீசியோ சிரித்துக்கொள்வார். அவருடைய அப்பா இதே பண்ணையில் முப்பது ஜாகுவார்களைச் சுட்டுப் பேர் வாங்கியவர். மகன் ஒன்றைக்கூடச் சுட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அந்தக் கர்வம் அன்று குளத்தங்கரையோடு போயிற்று.

மறுநாள் காலை சின்ன விமானத்தில் லுசிமாரா வந்து இறங்கினாள். ஜாகுவார்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். பன்னிரண்டு வருடமாக இந்தப் பண்ணைகளையே சுற்றி வருகிறவள். மயக்க ஊசியைக் குழலில் வைத்து ஊதினாள். கொமாத்ரே முனகக்கூட இல்லாமல் சரிந்தாள். லுசிமாரா அவள் கண்ணைப் பிரித்துப் பார்த்தாள், மூக்கைத் துடைத்துப் பார்த்தாள், காலின் துடிப்பைக் கையால் பிடித்துப் பார்த்தாள்.

"டிஸ்டெம்பர்தான், நாய்ங்களுக்கு வர்ற தொத்து நோய். பத்து நாளா சாகற நாய்ங்களுக்கு என்னவோ அதேதான் அண்ணே. நோய் நாயை அடிச்சுத் தின்னுருக்கா. மூளை வரைக்கும் போயிடுச்சு."

"மருந்து ஏதாச்சும்..."

"இல்லண்ணே."

அவளே இரண்டாவது ஊசியைப் போட்டாள். அனீசியோ அந்தப் பெரிய தலையை மடியில் தாங்கிக்கொண்டார். மூச்சு நீண்டது, நீண்டு நின்றுபோயிற்று. அவர் வாய்விட்டு அழுதார். ஐம்பத்தாறு வயது ஆள், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஜெசுவீனோவுக்கும் அன்று கேலி வரவில்லை.

"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்றாள் லுசிமாரா. "ஆகஸ்ட்ல பண்ணையில இருக்கற பதினேழு நாய்க்கும் என் கையாலதான் தடுப்பூசி போட்டேன். எப்படி வரும்? கம்பெனி அனுப்புன மருந்தே கெட்டுப்போயிருக்கணும். நாளைக்கே எழுதிக் கேக்கறேன்."

அனீசியோ தொப்பியை எடுக்கவில்லை. மருந்து எங்கே கெட்டது என்று அவருக்குத் தெரியும்.

ஆகஸ்டில் லாரிப் பாதை முடிகிற இடத்திலிருந்து பண்ணைக்கு ஐந்து மணி நேரக் குதிரைப் பயணம். ஐஸ் நிரப்பிய தடுப்பு மருந்துப் பெட்டி அவருடைய கோவேறு கழுதைமேல் வந்தது. நிழலிலேயே நாற்பது டிகிரி வெயில். பத்து மணிக்கு லுசிமாராவோடு எல்லோரும் ஒரு மரத்தடியில் தெரெரே குடிக்க இறங்கினார்கள். இலைத்தூளைக் கொம்புக் குவளையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, ஒரே குழலில் எல்லோரும் மாற்றி மாற்றி உறிஞ்சுவது. தண்ணீர் பல் கூசுகிற குளிரில் இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக ஊற்றிக் கொடுக்கிறவனை அந்த ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். அன்று ஊற்றுகிற முறை அனீசியோவுடையது. தண்ணீர்க் குடுவையோ கொதித்துக் கிடந்தது. மருந்துப் பெட்டியைத் திறந்து இரண்டு கை ஐஸ் அள்ளிக் குடுவையில் போட்டார். பன்னிரண்டு மணிக்கு மறுபடி. இரண்டு மணிக்கு மிச்சமும். பண்ணைக்கு வந்ததும், யாரும் பார்க்காமல், அங்கிருந்த ஐஸ் பெட்டியிலிருந்து புது ஐஸை மருந்துப் பெட்டியில் கொட்டி நிரப்பிவைத்தார். குளிர்ந்தால் போதாதா, எந்த ஐஸாக இருந்தால் என்ன என்று நினைத்தார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. விருந்தாளிக்குச் சூட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூச்சம், அவ்வளவுதான்.

இப்போது ஜெசுவீனோ தெரெரே குவளையை நீட்டினான். அனீசியோ தள்ளிவிட்டார்.

"டாக்டரம்மா, கம்பெனிக்கு எழுதாதீங்க."

"ஏன்?"

"ஆகஸ்ட்ல மீந்த மருந்து எங்க போச்சு?"

"ஆத்துக்கு அக்கரைக்கு. ரெண்டு பண்ணை நாய்ங்களுக்கும் அன்னிக்கே போட்டுட்டு வந்தேன். ஏண்ணே?"

அவர் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது அது. வாயை மூடிக்கொண்டு போகலாம் என்று காலையிலிருந்து பத்துத் தடவை நினைத்தவர்தான். அக்கரையிலும் ஜாகுவார்கள் உண்டு. இனி மூட முடியாது.

"அந்த ஊசிக்கு உசுரில்ல. பொட்டியில இருந்த ஐஸை நான்தான் எடுத்தேன். தெரெரேக்கு. மூணு தடவையும். வந்த உடனே வேற ஐஸ் போட்டு மூடிட்டேன். நீங்க தொறந்தப்போ எல்லாம் ஜில்லுனுதான் இருந்திருக்கும்." கொமாத்ரேயைப் பார்த்தார். "எங்கப்பன் துப்பாக்கியெடுத்துத்தான் கொன்னான். நான் ஐஸ் கட்டியாலேயே கொன்னுட்டேன்."

திட்டப்போகிறாள், அடிக்கவும் செய்யலாம் என்று அனீசியோ காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

லுசிமாரா எழுந்து போய்த் தன் மருந்துப் பெட்டியைத் திறந்தாள். மூடியில் ஒட்டியிருந்த சின்ன வெப்பமானியை அவரிடம் காட்டினாள்.

"இதுல ஒரு பொத்தான் இருக்குண்ணே. வழியில எவ்வளவு சூடு ஏறுச்சுன்னு காட்டும். ஊசி போடறதுக்கு முன்னாடி அமுக்கிப் பாக்கணும். பன்னெண்டு வருசமா ஒரு தடவைகூட விட்டதில்ல. அன்னிக்கு நாலு டிகிரின்னு இருந்துச்சு, அதோட விட்டுட்டேன்."

"உங்க தப்பு என்னம்மா இருக்கு இதுல..."

"அந்த மரத்தடியில மூணு ரவுண்டு குடிச்சேன். 'அண்ணே கையில தெரெரே என்னமா ஜில்லுனு இருக்கு'ன்னு சொன்னது யாரு? நான்தானே. அந்தக் காட்டுல ஐஸ் எங்கேருந்து வரும்னு எனக்குத் தெரியாதா?"

அக்கரைக்குப் போகக் குதிரைகளுக்குச் சேணம் பூட்டினார்கள். லுசிமாரா முதலில் ஏறி உட்கார்ந்தாள்.

அப்போதுதான் குளத்துக்கு அந்தப் பக்கப் புதரிலிருந்து கொமாத்ரேயின் குட்டி வெளியே வந்தது. எட்டு மாதக் குட்டி. மூன்று மனிதர்கள் நிற்பதைப் பொருட்படுத்தாமல் வெயிலில் மெல்ல நடந்து வந்தது. அம்மாவிடம்தான் போகிறது என்று அனீசியோ நினைத்தார். அம்மாவைத் தாண்டிப் போயிற்று. பிறகு இடது பக்கமாகத் திரும்பியது, மறுபடியும் இடது பக்கமாக.

லுசிமாரா குதிரையிலிருந்து இறங்கினாள்.