நெருங்கிய தோழி

“‘நெருங்கிய தோழி டோரீன்.’ இது என்னப்பா?” கைசா தாளை அப்பாவின் முன் மேசைமேல் வீசினாள்.

ரெய்னோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தங்கை சிர்க்கா நேற்றுக் காலை இறந்துபோயிருந்தாள். இரங்கல் குறிப்பை எழுதிப் பத்திரிகைக்கு அவரே அனுப்பிவிட்டார். அச்சுக்குப் போகுமுன் போன் செய்து சரிபார்ப்பார்கள்.

“தோழின்னா தப்பா? மரியாதையாத்தான போட்டிருக்கேன்.”

“அத்தையோட முதல் ஆவணப்படம் எதைப் பத்தின்னு தெரியுமா உங்களுக்கு?”

தெரியும். தண்டர் பே ஊர் முழுக்கத் தெரியும். எண்பத்தொன்பதில், ‘நீண்ட நாள் நோயால்’ இறந்ததாக மாகாணத்துப் பத்திரிகைகளில் வந்த முப்பத்தேழு ஆண்களின் குறிப்புகளைக் கத்தரித்துக்கொண்டு, கேமராவோடு வீடு வீடாகப் போனாள் சிர்க்கா. எய்ட்ஸ் என்று ஒரு குடும்பமும் எழுதவில்லை. கூடவே வாழ்ந்து, கடைசியில் பீ மூத்திரம் அள்ளியவனின் பெயரையும் எழுதவில்லை. போனால் போகிறதென்று சிலர் போட்டது, ‘நண்பர்’.

“முப்பத்தேழு வீட்டுப் பொய்யைத் தோண்டினாங்க. முப்பத்தெட்டாவது நம்ம வீடா?”

“வாயை மூடு.”

அடுப்பருகே டோரீன் ஏலக்காய் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள். “விடும்மா. சிர்க்கா இருந்தா அந்த எழுபத்தொரு வயசைத்தான் முதல்ல மாத்தச் சொல்லுவா. ஊர்ப் பொய்யெல்லாம் தோண்டுவா, தன் வயசுல மட்டும் ரெண்டைக் குறைச்சுக்குவா.”

ரெய்னோ சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது. “அந்த வார்த்தையை எழுதக் கை வரல, கைசா. அவ்வளவுதான்.”

கைசாவுக்குப் பதில் வாய்வரை வந்தது. டோரீனின் கத்தி அசையாமல் நிற்பதைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

போன் அடித்தது.

“ஆமா, அண்ணன்தான்... வயசு அறுபத்தொம்பது.” மறுமுனை அடுத்த வரியைப் படித்தது. ரெய்னோ அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அதுல ஒரு திருத்தம். தோழி இல்ல. மனைவி... வருஷமா? இருங்க.” ரிசீவரைக் கையால் பொத்தினார். “டோரீன், உங்க கல்யாணம் எப்ப?”

“ரெண்டாயிரத்து நாலு, ஆகஸ்ட். நீங்க மீன் பிடிக்கப் போயிருந்தீங்க.”

“அன்னிக்கு ஒண்ணும் மாட்டல,” என்றார் ரெய்னோ.

வருஷத்தைச் சொன்னார். “இப்ப முழுசாப் படிங்க” என்று ரிசீவரைக் காதிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்தார். டோரீன் ரொட்டித் தூள் ஒட்டிய கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து, அவர் தோளருகே குனிந்தாள். மறுமுனையில் ஒரு பெண்குரல் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கியது.