லா கயாதாவுக்கு வழி கேட்டவள்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. கடிதம் எழுதியவர் கதை கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கேட்டிருந்தார். அந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை, அதற்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இது ஒரு தட்டிக்கழிப்பு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கடிதம் கனடாவில் கோதுமை விளையும் பக்கத்திலிருந்து வந்தது. எழுதியவர் எல்மர் என்ற விவசாயி. ஒன்பது வருடத்துக்கு முன் அவருடைய மகள் ரோவீனா, மெக்சிகோவின் பசிபிக் கரையில் இருக்கும் எங்கள் சின்ன ஊருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தாள். அதே பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். வந்த எட்டாவது மாதம் ரோவீனா கடலில் மூழ்கிப் போனாள். இப்போது அவளுடைய அம்மாவும் காலமாகிவிட, வீட்டு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்த எல்மருக்கு மகளின் நோட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சனி ஞாயிறுகளில் அவள் தேடிப் போன கடற்கரைகளின் பட்டியல் அது. மொத்தம் இருபத்திரண்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். கடைசிப் பெயருக்கு மட்டும் மதிப்பெண் இல்லை.

எல்மர் கேட்டது இதுதான்: "அந்தக் கடலைப் பற்றி அவளிடம் யாராவது சொன்னார்களா? சொல்லியும் கேட்காமல் போனாள் என்றால் தாங்கிக்கொள்வேன். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். கேட்பதற்கு அங்கே ஆளே இல்லை என்றாலும் தாங்கிக்கொள்வேன். இரண்டில் எது என்று தெரிந்தால் போதும்."

இரண்டுமே இல்லை என்று அவருக்கு எப்படி எழுதுவது?

[கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: பதினேழாவது கடற்கரையை எந்த வரைபடத்திலும் காணவில்லையே, ஏன்? இதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். கொஞ்சம் பொறுங்கள்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடல் அன்று மிகவும் அமைதியாக—"

அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் யாரோ சாகப் போகிறார்கள் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

அடுத்து: "கடலையே பார்க்காத ஊரில் பிறந்த ரோவீனாவுக்கு—"

இதுவும் வேண்டாம். உண்மைதான், ஆனாலும் நியாயமில்லை. கடல் தெரியாதவள் கடலில் இறங்கினாள், அனுபவித்தாள் என்று பழி அவள் தலையில் விழுந்துவிடும். அவள் நன்றாக நீந்துவாள். அதோடு, எந்தத் தண்ணீரிலும் விசாரிக்காமல் இறங்கமாட்டாள்.

மூன்றாவது: "வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்."

இது இருக்கட்டும். (இந்த வாக்கியம் என் கைக்கு எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு நம்பிப் படியுங்கள்.)

3

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் வாசல்காவலர் இலாரியோ. மற்றவள் ரோவீனா.

இலாரியோவுக்கு அப்போது ஐம்பது வயது. மலைக்காரர். முப்பது வயதில் பிழைப்புக்காகக் கரைக்கு இறங்கி வந்தவர். கதவு திறப்பது, மணி அடிப்பது, தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவர் வேலை. தலைமையாசிரியர் முதல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் அவர் தோன் இலாரியோ; 'தோன்' என்பது இங்கே பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் சொல். அவர் வாயிலிருந்து 'இல்லை', 'தெரியாது' என்ற இரண்டு சொற்களையும் யாரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அது வளர்ப்பு. ஒருவர் உங்களை நம்பி வந்து ஒன்று கேட்கிறார். அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது அவமரியாதை. தெரியுமோ தெரியாதோ, ஒரு திசையைக் காட்டியே ஆக வேண்டும்.

ஒருமுறை சிமெண்டு லாரிக்காரன் ஒருவன் மாதா கோயிலுக்கு வழி கேட்டான். இலாரியோ ஆற்றைக் காட்டினார். லாரி திரும்பி வந்ததும் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினார். மூன்றாவது முறை வந்தபோது லாரிக்காரனுக்குக் குடிக்கப் புளித்தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். அவனுக்கும் கோபம் வரவில்லை. அலுவலகத்து எத்தெல்வினா அம்மாள் அன்றைக்குச் சொன்னது பள்ளிக்கூடத்தின் பழமொழியாகவே ஆகிவிட்டது.

"தோன் இலாரியோகிட்ட வழி கேட்டா போதும்டா, நேரா கடவுள்கிட்டயே போய்ச் சேர்ந்துடலாம்."

எல்லோரும் சிரித்தோம்.

ரோவீனாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். திங்கட்கிழமை காலையில் மூக்கு சிவந்து தோல் உரிந்து வந்து நிற்பாள். "ஆறு மார்க், தோன் இலாரியோ. மணல் சுடுது. மீன் வறுவல் நல்லா இருந்துச்சு, அதுக்கு ஒரு மார்க் சேர்த்திருக்கேன்" என்பாள். ஒரு தடவை அவர் சொன்ன வழியில் போனால் கடற்கரையே இல்லை, சோளக்காடுதான் இருந்தது. திங்கட்கிழமை வந்து, "ஏழு மார்க். அலை இல்லை, ஆனா நிழல் இருக்கு" என்றாள். இலாரியோ வெட்கப்பட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

[எல்மர் ஐயா, உங்கள் பதினேழாவது கடற்கரை அதுதான்.]

அந்த வெள்ளிக்கிழமை அவள் கையில் மிளகாய்த்தூள் தூவிய மாம்பழக் கீற்றுகள் இருந்தன. ஒன்றை அவருக்கு நீட்டினாள்.

"தோன் இலாரியோ, நாளைக்கு லா கயாதாவுக்குப் போகலாம்னு இருக்கேன். அங்க குளிக்கலாமா?"

"குளிக்கலாம் மிஸ். ஏன் குளிக்கக் கூடாது?"

"அலை பெருசா வருமா?"

"அலையே இருக்காது மிஸ். பேரே அதானே. அழகான இடம்."

"நீங்க போயிருக்கீங்களா?"

"போகாம இருப்பேனா மிஸ்?"

அவர் போனதில்லை. இருபது வருடமாகக் கரையில் இருந்தும் கணுக்காலுக்கு மேல் கடல்நீர் பட்டதில்லை. டீச்சர் ஒருத்தி, அதுவும் அத்தனை தூரத்திலிருந்து வந்தவள், மாம்பழம் கொடுத்துக் கேட்கிறாள். தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

[லா கயாதா என்றால் வாய் மூடியவள் என்று பொருள். நானாக இந்தப் பெயரை வைத்திருந்தால் ரொம்பத்தான் ஜோடிக்கிறான் என்று நீங்கள் புத்தகத்தை மூடியிருப்பீர்கள். அந்தக் கரையின் இரண்டு பக்கமும் அலை அடிக்கும், நடுவில் மட்டும் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகும் பாதை அது. பார்க்கக் குளம் மாதிரி இருக்கும், இறங்கினால் இழுத்துக்கொண்டு போய்விடும்.]

அதற்குப் பிறகு ரோவீனா திரும்பி—

(இந்த வாக்கியத்தை இப்போது முடிக்கவில்லை.)

சனிக்கிழமை மாலை மணலில் ஒரு ஜோடிச் செருப்பும், மடித்து வைத்த சட்டையும், அதன் மேல் ஒரு நோட்டும் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீனவர்கள் அவளைக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். அவளுக்கு இருபத்தாறு வயது.

4

இதற்குப் பிறகு இலாரியோ என்ன செய்தார் என்று எழுத வேண்டும். எழுதினால் நம்பமாட்டீர்கள். ஒன்பது வருடமாக, ஒரு சனிக்கிழமை விடாமல், அவர் வேன் பிடித்து லா கயாதாவுக்குப் போகிறார். இரண்டு கம்புக்கு மேல் தென்னங்கீற்றைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் குளிக்கக் கூடாது என்று சொல்கிறார். வேறொருவர் கதையில் இப்படி ஒரு ஆள் வந்தால், ஆசிரியர் தன் மனசாட்சிக்கு வேட்டி கட்டி உட்காரவைத்திருக்கிறார் என்று நானே கிண்டல் செய்திருப்பேன். எனக்கே சந்தேகம் இருந்தது. எல்மரின் கடிதம் வந்த வாரம் இலாரியோவின் பின்னாலேயே போய்ப் பார்த்தேன்.

நகரத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. அப்பாவின் தோளில் காற்றடித்த வாத்து ஒன்று தொங்கியது.

"பெரியவரே, இங்க குளிக்கலாம்ல?"

"கூடாதுங்க."

"ஏன்? அலையே இல்லையே."

"அலை இல்லாத இடம்தாங்க ஆளை இழுக்கும். இப்படியே ரெண்டு கிலோமீட்டர் வடக்கே போனா நல்ல கரை இருக்கு. நான் போய்ப் பார்த்துட்டுதான் சொல்றேன்."

"வரவன் போறவனை விரட்டுறதுக்கு, கடல் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

"இல்லைங்க. இங்க ஒரு டீச்சர் பொண்ணு செத்துப்போச்சு. குளிக்கலாம்னு சொல்லி நான்தான் அனுப்பிவச்சேன்."

அந்த ஆள் வாத்தைக் கீழே இறக்கினான். அவன் மனைவி அவன் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்தாள். கார் வடக்கே போனது.

இலாரியோ திரும்பி வந்து கீற்றுக்குக் கீழே உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு தடவையும் 'கூடாது'ன்னு சொல்றப்போ வாய் கூசுது சார். வந்தவங்களை மூஞ்சியில அடிக்கிற மாதிரி இருக்கு."

"ஒரு போர்டு வச்சுடலாமே?"

"வச்சேன் சார், மூணு தடவை. விறகுக்குப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. என்னைப் பிடுங்க முடியாதுல்ல?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5

கடிதம் வந்த செய்தி எத்தெல்வினா அம்மாள் மூலம் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் என் வகுப்புக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"எழுதுங்க சார். நான் சொல்றேன்."

"வேண்டாம் தோன் இலாரியோ. அந்த மனுஷன் வயசானவர். பொண்டாட்டியையும் பறிகொடுத்துட்டு நிக்கிறார். இதைக் கேட்டு என்ன பண்ணப்போறார்?"

"என்ன வேணா பண்ணட்டும். திட்டட்டும். அவர் கேட்டுட்டாரு சார். கேட்டவருக்குத் தெரிஞ்சதைச் சொல்லணும். நான் ஒருதடவை தெரியாததைச் சொல்லிட்டேன்."

"நீங்க மனசறிஞ்சு செய்யலையே."

"மனசறிஞ்சு மரியாதை பார்த்தேன் சார். அதுதான் செஞ்சேன்."

நான் பேனாவை எடுத்தேன். அவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். மாம்பழம் கொடுத்ததைக்கூட விடவில்லை. கடைசியில் எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், கரும்பலகையில் இருந்த பின்னங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வாசல்ல ரெண்டு பேருதான் இருந்தோம்னு எழுதிடுங்க சார். அது போதும்."

6

மேலே நான் வைத்துக்கொண்ட தொடக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது என் வாக்கியம் இல்லை. இலாரியோ எனக்குக் கொடுத்தது. ஊரில் எல்லோரிடமும் கூடாது என்று சொல்லப் பழகிவிட்ட மனிதர், எனக்காக மட்டும் பழைய மரியாதையை எடுத்து வந்திருந்தார்.

வாசலில் மூன்று பேர் இருந்தோம்.

பாதியில் நிறுத்திய வாக்கியத்தை முடிக்கிறேன். அதற்குப் பிறகு ரோவீனா திரும்பி என்னைப் பார்த்து, "அப்படியா சார்?" என்று கேட்டாள்.

தோளில் பையோடு வேனுக்காக நின்றிருந்தேன். இலாரியோ மலைக்காரர், கடல் பக்கமே போகாதவர் என்று எனக்குத் தெரியும். சோளக்காட்டுக் கதையும் தெரியும். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். லா கயாதாவில் வலை வீசுவோம், ஆனால் இறங்கமாட்டோம் என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தெரியாமல் சொன்னவர் இலாரியோ. எனக்குத் தெரியும். அவர் சொன்னதை அவர் முகத்துக்கு நேரே, அதுவும் வெளியூர்க்காரிக்கு முன்னால், பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா எப்படியும் சொல்லிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். எத்தெல்வினாவின் பழமொழிகூட நினைவுக்கு வந்து, உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. வேன் வந்தது.

தலையாட்டிவிட்டு ஏறிவிட்டேன்.

ஒன்பது வருடமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போதும் தமிழில்தான் சொல்கிறேன். இலாரியோவுக்கும் படிக்க வராது, எல்மருக்கும் படிக்க வராது. பதினேழு வருடமாக இந்த ஊரில் யாரோடும் பேசாத என் தாய்மொழியை இதற்காக எடுத்திருக்கிறேன் என்றால், எனக்கு எத்தனை பயம் என்று பாருங்கள்.

7

மேசையில் மூன்று கடிதங்கள் இருக்கின்றன.

கேட்பதற்கு அங்கே ஆளே இல்லை என்று ஒன்று. நாலே வரி. எல்மர் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் இலாரியோ உட்கார்ந்திருந்த நானூறு சொச்சம் சனிக்கிழமைகள் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும்.

இலாரியோ சொல்லச் சொல்ல எழுதியது இரண்டாவது. அதில் வாசலில் இரண்டு பேர். ஒவ்வொரு வரியும் உண்மை, எண்ணிக்கை மட்டும் தவறு. நான் கணக்கு வாத்தியார்.

மூன்றாவது பாதியில் நிற்கிறது. "அன்புள்ள எல்மர் ஐயா, அவள் விசாரிக்காமல் போகவில்லை. இரண்டு பேரிடம் கேட்டாள். முதலாமவருக்குத் தெரியாது. இரண்டாவது ஆள்—"

தபால்காரர் வியாழக்கிழமை வருவார். இன்று புதன். இந்தக் கடிதம் அந்த வயதான மனிதருக்கு ஆறுதலா, கொலையா என்று எனக்குப் புரியவில்லை. என் மனப்பாரத்தை அவர் தலையில் இறக்கப் பார்க்கிறேனோ என்றும் சந்தேகம். நான் யாரிடம் போய்க் கேட்பேன்? இந்த ஊரில் யாரைக் கேட்டாலும், முகத்தைப் பார்த்து எனக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள்.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். மூன்றாவதை முடித்து அனுப்பலாமா?

உடனே சொல்ல வேண்டாம். யோசித்துச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே சொல்லிவிடுங்கள், நான் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டேன். இத்தனை தூரம் கூட வந்துவிட்டோமே என்று, மரியாதைக்காக மட்டும் தலையாட்டிவிடாதீர்கள்.