கங்காதரன் உயிரோடு இருப்பதற்கான சான்று

அன்று காலை முன்சீப் வீட்டு முன்கட்டில் இருந்தவர்கள்: கிராம முன்சீப் உலகநாத முதலியார்; மகாபலிபுரத்துக்குத் தெற்கேயுள்ள குப்பத்திலிருந்து வந்த குப்பம்மா; அதே குப்பத்துச் செல்லம்மா; குப்பம்மாவின் புருஷன் கங்காதரன். இவர்களில் கங்காதரன், முதலியாரின் இறப்புப் பதிவேட்டின்படி, பதினெட்டு மாதத்துக்கு முன்பே செத்தவன்.

ஐம்பத்திரண்டாம் வருஷத்துக் கார்த்திகைப் புயலில் அவனும் செல்லம்மாவின் புருஷன் மாரியும் ஏறிப்போன கட்டுமரம் திரும்பவில்லை. எட்டாம் நாள் கரையில் ஓர் உடம்பு ஒதுங்கியது. முகத்தை மீன் தின்றிருந்தது. இடுப்புக் கயிற்றில் கங்காதரனின் செம்புத் தாயத்து இருந்தது. புதைத்தார்கள். குப்பம்மாவுக்குத் தாலி அறுத்தார்கள். கருமாதியும் முடிந்தது. செல்லம்மா மட்டும் தாலியைக் கழற்ற விடவில்லை. மாரி எங்கோ ஒரு கரையில் பிழைத்துக் கிடக்கிறான் என்றாள்.

பிழைத்தது கங்காதரன். ஒரு சரக்குக் கப்பல் அவனைத் தூக்கிக்கொண்டு போய் சீஷெல்ஸ் தீவில் இறக்கியது. கொப்பரைக் கிடங்கில் மூட்டை தூக்கினான். தீவு அதிகாரி மூன்று மாதம் தங்கச் சீட்டுக் கொடுத்தார். முடிந்ததும் இன்னொன்று. கடைசியில் கையை விரித்தார். ஐந்து வருஷம் தங்கி வேலை செய்ய வேண்டுமா, பெண்டாட்டியையும் கூட்டி வர வேண்டுமா, நீ இன்னான் என்று உன் ஊரில் எழுதி வாங்கி வா என்றார். அதற்காகத்தான் வந்திருந்தான். பம்பாயில் கப்பலுக்கு இன்னும் ஒன்பது நாள்.

தீவில் அவன் ஒருநாளும் தனியாக மூட்டை தூக்கியதில்லை. பட்டப்பகலில், மறுமுனையை மாரி பிடித்திருப்பான். திரும்பிப் பார்த்தால் கிடங்கு ஆள் எவனாவது நிற்பான். மூச்சு மட்டும் மாரியுடையது.

முதலியார் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "செத்தவன் இளைச்சுப் போவான்னு பார்த்தா, நீ தொந்தியோட வந்து கீற. சரி, செத்தவங்க பதிவேட்டுலேர்ந்து உன் பேரை அடிக்கணும்னா குப்பத்து ஆளுங்க ரெண்டு பேர் கைநாட்டு வேணும். பொஞ்சாதி ஒண்ணு. இன்னொண்ணு?"

"எவனும் வரலீங்க," என்றாள் குப்பம்மா. "கருமாதி ஆனவன் பேரைச் சொன்னா கடலு கேட்டுக்கும்னு பயந்துகினு கீறானுங்க. வலை பின்னிகினு இருந்தவன்லாம் முதுகைக் காட்டிட்டான். காயிதம் வந்தா சேத்துக்கிறோம், இல்லாங்காட்டி அப்பிடி ஒரு ஆளே இல்லன்னுட்டாங்க. இவ ஒருத்திதான் வந்தா."

"எங்க அண்ணாத்தய எனக்குத் தெரியாதா?" செல்லம்மா அதற்குள் கட்டைவிரலை மையில் அழுத்தியிருந்தாள். "இவரு வந்துட்டாரு. எங்க ஆளும் வந்துடுவாரு. எங்க வெக்கணும், சொல்லுங்க."

"இரும்மா. ஒரு கேள்விக்குப் பதில் எழுதணும். டேய், உன் தாயத்து அந்த உடம்புல எப்பிடிடா வந்துச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று கங்காதரனுக்குத் தெரியும். தொலைந்தது, திருடு போனது என்று கப்பலில் பல பொய்கள் கட்டிப் பார்த்திருந்தான். எதுவும் நிற்கவில்லை. கயிறு அந்த இடுப்பில் முடிந்திருந்ததைக் குப்பமே பார்த்திருந்தது.

"நான்தான் கட்னேன்," என்றான். "அலை தூக்கி அடிச்சப்ப பயந்து அழுதான். என் கயித்த அவுத்து அவன் இடுப்புல முடிஞ்சேன்."

"எவன் இடுப்புல?"

அவன் செல்லம்மாவின் கழுத்துத் தாலியைப் பார்த்தான். கட்டுமரத்தில் போனது இரண்டு பேர்.

செல்லம்மா விரலைப் பார்த்தாள். மையைச் சேலையில் துடைத்தாள். அழவில்லை.

"மொதலியாரே, மண்ணுல கீறது கங்காதரன்தான். பொதைக்கறப்ப நானும் நின்னேன். இந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியாது."

"அடியே, இப்பதானேடி அண்ணாத்தன்ன?"

"வெயிலு கண்ணக் கூசிச்சு." எழுந்துகொண்டாள். "உனக்கு ஆளு வேணும்னா எவனயாச்சும் வெச்சுக்க குப்பு. என் தாலிய அறுத்து உனக்குக் கட்டிக்காத."

அவள் போன பிறகு முதலியார் பதிவேட்டை மூடினார். "ஒரு கைநாட்ட வெச்சிகினு செங்கல்பட்டுல தாசில்தார்கிட்ட நான் இன்னா சொல்றது? அவளுக்கு மனசு மாறினா வாங்க."

மாறாது என்று கங்காதரனுக்குத் தெரியும். அவள் இடத்தில் அவன் இருந்தாலும் விரலை வைத்திருக்க மாட்டான்.

சவுக்குத் தோப்பைத் தாண்டும்போது குப்பம்மா, "தள்ளி வாய்யா," என்றாள். எழுத்தில் அவள் தாலி அறுத்தவள். ஓர் ஆண் பின்னால் வரக் கூடாது. அவன் இருபதடி விட்டு நடந்தான். மணலில் தன் காலடியோடு இன்னொன்றும் விழுகிற சத்தத்தை வழி முழுக்கக் கேட்டான்.

வீட்டு வாசலில் அவள் குரலைத் தாழ்த்தினாள். "உள்ள போ. இருமல் வந்தா துணியக் கடிச்சுக்க. நான் மீன் வித்துட்டு வந்துடறேன்."

"கப்பலு போய்டும் குப்பு."

"போவட்டும். செத்தவனுக்கு இன்னா கப்பலு?"

அவன் குனிந்து உள்ளே போனான். எதிர்வீட்டுக்காரி வேண்டா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். திறந்த கதவுக்குள் நின்ற அவனை நேராகப் பார்த்தபடியே கேட்டாள்: "யாராச்சும் வந்தாங்களாடி?"

"யாரும் வரலக்கா," என்றாள் குப்பம்மா. கதவை இழுத்து மூடி வெளியிலிருந்து பூட்டினாள்.