பத்து மணி டெஸ்ட்

விடிந்ததிலிருந்து மின்னலுக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்து மணிக்கு டிரைவிங் டெஸ்ட்! தேறிவிட்டால் திங்கட்கிழமை முதல் சபைப் பள்ளிக்கூட வேன் அவள் கையில். இன்று தேறாவிட்டால் வேலை வேறொருவருக்கு என்று போதகர் கறாராகச் சொல்லியிருந்தார். ஆமை வேகத்தில் ஓட்டியதால்தான் பயிற்சி மாஸ்டர் அவளுக்கு 'மின்னல்' என்று பேர் வைத்தார். அவர் காரோடு வந்து ஹாரன் அடித்ததும் ஓடிப்போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து, எதிர்வீட்டுக் கத்தரி அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் சரிந்தாள். யாரையும் வெட்டிப் பேசுகிற வாய்க்குத் தெருவே வைத்த பேர் அது. "பொம்பளை ஓட்டுற வேன்ல பிள்ளைங்களை ஏத்தாதீங்க" என்று சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கத்தியவளும் சாட்சாத் இவளேதான்.

மாஸ்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். "வர முக்கால் மணி நேரம் ஆகுமாம்."

மணி ஒன்பதரை.

"ஏசப்பா, இன்னிக்குத்தானா?" மின்னலுக்கு அழுகையே வந்துவிட்டது. பகைவரை நேசிப்பதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுத் தலையாட்டுவது எவ்வளவு சுலபம்! "மாஸ்டர், தூக்குங்க அக்காவை!"

மாஸ்டரும் ஓடி வந்த தெருக்காரர்களும் அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். இடம் மாற ஏது நேரம்? அவளே வண்டியைக் கிளப்பினாள். பதற்றத்திலும் பாடம் மறக்கவில்லை. "கண்ணாடி பார்த்தாச்சு, இண்டிகேட்டர் போட்டாச்சு" என்று ஒப்பித்தபடியே ஓட்டினாள். ஆளில்லாத சந்திலும் நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"யாருக்குடி வழி விடறே? காக்காவுக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு முனகல்.

வாய் இன்னும் வேலை செய்கிறது! மின்னலுக்குச் சிரிப்பு பீறிட்டது. மூன்றாவது கியர், நான்காவது கியர் என்று பறந்தாள். மாஸ்டர் தன் பக்கம் இருந்த பயிற்சிப் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

"நல்லவேளை, கொஞ்சம் தாமதிச்சிருந்தாலும் கஷ்டம்" என்றார் டாக்டர். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே கால்.

கட்டிலில் கிடந்த கத்தரி அக்கா அவள் கையைப் பிடித்தாள். "பத்து மணிக்கு டெஸ்ட்டுன்னு தெரு முழுக்கச் சொன்னியே?"

"ஆமாக்கா. போச்சு."

"கூட்டத்துல நான் என்ன பேசினேன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? கடைசி பெஞ்சுல நானும்தான் இருந்தேன்."

அக்கா பிடியை இன்னும் இறுக்கினாள்.

வேன் போனதில் மின்னலுக்கு வருத்தம்தான். ஆனால் ஓர் உயிர் தங்கிவிட்ட சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"கையை விடுங்கக்கா, மருந்து வாங்கணும்."

அக்கா விடவில்லை. மாஸ்டர்தான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார்.