ஆர்டீலியாவின் சிறைத்தோழிகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது எங்கள் தேவாலயச் சபை விருந்தில், வறுத்த கோழிக்காக நின்ற வரிசையில். முன்னால் நின்ற மூன்று பெண்களும், ஆர்டீலியா மாஸுடன் ஒரே அறையில் சிறையிருந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2

‘அலபாமாவின் செம்மண் மீது சூரியன் மெல்ல...’ வேண்டாம். நேராகவே சொல்கிறேன்.

கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை கேட்டு, யார் மீதும் கை ஓங்காமல், நீதிமன்றப் படிகளில் முழங்காலிட்டவர் ஆர்டீலியா. இப்போது இல்லை. அவரை அடைத்திருந்த சிறையறையை ஊர் அருங்காட்சியகமாக்கியது. திறப்பு விழாவன்று, அவருடன் அடைபட்டவர்கள் உள்ளே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்று பொறுப்பாளர் ராய்ஸ் அறிவித்தார்.

நாலு பேர் படுக்கவே போதாத அறை. வந்தவர்களோ ஒரு பஸ் நிறைய.*

(*பெண்கள் தேவாலயத்துக்கு அணிந்துவரும் அகலத் தொப்பிகளைச் சேர்க்காமல்.)

3

உண்மையில் உடனிருந்தவர்களில் உயிரோடிருப்பவர் வெர்டெல் பிரூட் மட்டும்தான். கைத்தடியோடு அவர் வந்து சேர்ந்தபோது உள்ளே நுழைய இடமில்லை.

“க்ளாடீன்! நீ அப்போ சிகாகோவுலல்ல இருந்தே?” என்றார், கம்பிக்கு உள்ளே நின்ற ஒருத்தியிடம்.

“மனசு இங்கதான் இருந்துச்சு, அக்கா.”

“மனசை மூட்டைப்பூச்சி கடிச்சுதாக்கும்?”

(இந்த இடத்தில் வெர்டெல் ஓர் உரை நிகழ்த்துவதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவரல்ல.)

ராய்ஸுக்கு வியர்த்தது. “யாரெல்லாம் பொய் சொல்றாங்கன்னு நீங்களே சொல்லுங்க, மிஸ் வெர்டெல். வெளிய அனுப்பிடறேன்.”

உள்ளே நின்றவர்கள் தொப்பிகளை முகத்துக்கு இழுத்துவிட்டார்கள். க்ளாடீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குள் படம் எடுப்பவர் அவசரப்பட்டார். “கதவைச் சாத்துங்க. கம்பி வழியாத்தான் எடுக்கணும்.”

ராய்ஸ் கதவைத் தள்ளினார். தோளால் முட்டினார். க்ளாடீனின் இடுப்பு விட்டுக்கொடுக்கவில்லை. கதவு மூடவே இல்லை.

வெர்டெல் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தார்.

“ஆர்டீலியா இதைத்தான் தம்பி கேட்டா. ‘அடைக்க இடமில்லாம போலீஸ் திணறணும், அத்தனை பேர் வாங்க’ன்னு வீடு வீடாப் போய்க் கெஞ்சினா. வந்தது நாங்க மூணு பேரு.”

“அப்போ இவங்களை என்ன செய்ய?”

“இருக்கட்டும். கொஞ்சம் லேட்டா வந்திருக்காங்க.”

4

முடிவு. முதல் வரைவில், க்ளாடீன் அழுதுகொண்டே வெளியேறினாள். இரண்டாவதில், வெர்டெல் எல்லாரையும் மன்னித்து... சே, அவருக்கே பிடிக்காது.

நடந்தது இதுதான். “கொஞ்சம் நகருங்கடி,” என்றார் வெர்டெல். எல்லாரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். நுழைந்துவிட்டார். பிறகு, வெளியே பேனாவோடு நின்ற என்னைப் பார்த்தார்.

“எழுதினது போதும். வர்றியா?”

நான் போனேனா என்பதை எழுதப்போவதில்லை. கதவு திறந்தே கிடக்கிறது. அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். வருவதானால் பக்கவாட்டாகத் திரும்பி வாருங்கள்.