மயங்கவே இல்லை

"எப்ப ஆரம்பிக்கப் போறீங்க டாக்டர்?" என்று அவன் கேட்டபோது ராட்டினம் சுற்றி முடித்து நின்றுவிட்டிருந்தது.

டாக்டரம்மா கூண்டுக்குள் தலையை நீட்டி அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நீண்ட இரும்புக் கையின் நுனியில் ஆளை உட்காரவைத்துச் சுழற்றும் அந்த எந்திரத்துக்கு ஆய்வுக்கூடத்தில் வைத்த பெயர்தான் ராட்டினம். போர் விமானம் சட்டென்று திரும்பும்போது விமானியின் உடம்பு என்ன பாடுபடும் என்பதைத் தரையிலேயே சோதிப்பார்கள். சுற்றும் வேகத்தில் உடம்பு பல மடங்கு கனக்கும். ரத்தம் தலையைக் கைவிட்டுக் காலுக்கு இறங்கும். பார்வை ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டே வரும். காலையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்து, ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தேர்ந்த விமானிகளே சரிந்துவிடும் வேகத்திலும் இவன் அசைந்ததில்லை. அதனால் எல்லோருக்கும் இவன் பாறை.

"முடிஞ்சிடுச்சு பாறை. நீங்க மயங்கிட்டீங்க."

"நானா? விளையாடாதீங்க. முழிச்சிட்டுத்தானே இருக்கேன்!"

"எல்லாரும் இதையேதான் சொல்வாங்க. மயங்குனது ஞாபகத்துலயே நிக்காது."

கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார். திரையில் அவன் தலை தொங்கியது. கைகள் கோழி விரட்டுவதுபோல் அடித்துக்கொண்டன. பிறகு கண்ணைத் திறந்து, ஆளே இல்லாத இடது பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றான். பார்த்துக்கொண்டிருந்தவன் திரைக்கு அருகே குனிந்தான். முகம் அவனுடையது, குரல் அவனுடையது. யாரைத் தள்ளி உட்காரச் சொன்னான்? எவ்வளவு துழாவினாலும் உள்ளே ஒன்றும் அகப்படவில்லை.

"இன்னைக்கு வேகம் ரொம்பக் கம்மி. உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி. அதான் எனக்கும் புரியல" என்றார் டாக்டரம்மா. "வீட்டுல எப்பவாவது இப்படி ஆயிருக்கா?"

"சேச்சே."

சொன்ன வேகம் அவனுக்கே உறுத்தியது. ஸ்கேன் எடுக்கும்வரை ராட்டினம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். உடை மாற்றும் அறையில் ஒரு காலில் மட்டும் செருப்போடு உட்கார்ந்திருந்தபோது மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. "நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன், நீங்க எங்கயோ போயிட்டு வர்றீங்க." காது கொடுக்காத எல்லாக் கணவன்மாரையும் எல்லா மனைவிமாரும் சொல்வதுதானே என்று அன்று சிரித்து வைத்தான். இப்போது போன் போட்டான்.

"அன்னைக்குச் சாப்பிடும்போது... நான் எங்கயோ போயிட்டேன்னு சொன்னியே. ரொம்ப நேரமா அப்படி இருந்தேன்?"

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் நின்றது.

"எந்த அன்னைக்கு? ஒரு நாளா ரெண்டு நாளா?" என்றாள்.

அவன் போனை வைத்தான். எதை நம்புவது? நினைவில் இன்றைய காலையும் மதியமும் ஒட்டுப்போட்ட தடமே இல்லாமல் முழுசாகத்தான் இருந்தன. ஆனால் இந்த நினைவேதான் ராட்டினம் சுற்றவே இல்லை என்றும் சொல்கிறது.

பள்ளி வாசலில் மகள் ஓடிவந்து பைக்கின் பின்சீட்டில் தாவி ஏறி, அவன் ஏறுவதற்காகக் காத்திருந்தாள். அவன் சாவியைத் துளையில் வைத்தான். திருப்பவில்லை. பக்கத்தில் நின்றபடியே வண்டியைத் தள்ள ஆரம்பித்தான்.

"வண்டி ரிப்பேராப்பா?"

"தெரியலடா."

"தெரியாமலா தள்றீங்க?"

பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. "என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. பேசிட்டே வா" என்றான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொரு வரிக்கும் அவன் "ம்" கொட்டிக்கொண்டே போனான்.